வள்ளியம்மா பேராண்டியும், நான் வாசிக்காமல் விட்ட ஒரு பெயரும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ரிட்டையர் ஆன டீச்சருக்கு வேறென்ன வேலை என்று சிரித்துக்கொண்டே படியுங்கள், பரவாயில்லை. ஆனால் கடைசி வரை படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு உதவி கேட்கப்போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கணபதி வீட்டில் ஒரு சின்னப் பஞ்சாயத்து நடந்தது. பஞ்சாயத்து என் தங்கச்சியின் பேரனைப் பற்றி. மகள் வயிற்றுப் பேரன். பெயர் வேண்டாம், சொந்தக்காரர்களுக்குத் தெரியும். கல்லூரிக் கூட்டாளிகள் நாலு பேரோடு சேர்ந்து ராக் பேண்டு வைத்திருந்தான். இவனுக்கு எலக்ட்ரிக் கிடார். மூன்று வருஷமாக மொட்டை மாடியில்தான் பயிற்சி. லேத் பட்டறைச் சத்தத்துக்குப் பழகிய வீதி என்பதால் யாரும் பெரிதாகச் சண்டைக்கு வரவில்லை. இப்போது பையன் பேண்டை விட்டு வெளியே வந்துவிட்டான். தனியாக ஒரு ஆல்பம் போடப்போகிறானாம்.

அவனுடைய மாமா கொதித்துப் போனார். "அஞ்சு பேரு சேர்ந்து ஆரம்பிச்சதை உட்டுப்போட்டு வந்துட்டான். நாளைக்கு இவனை எவன் நம்புவான்?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நம்ம ஊரில் கூட்டாகப் பட்டறை போட்டவர்கள் பிரிந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவர்கள்தானே நாம். மெஷினை ஒருத்தர் எடுத்துக்கொண்டு, ஆர்டரை இன்னொருத்தர் எடுத்துக்கொண்டு, இருபது வருஷம் கல்யாணம் காட்சியில் கூடப் பேசிக்கொள்ளாத பங்காளிகளை எனக்குத் தெரியும்.

சத்தமெல்லாம் அடங்கின பிறகு பையன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "பெரிய அம்மிச்சி, நீங்க யார் பக்கம்?" என்று கேட்டான்.

"நீ எதுக்கு வெளிய வந்தே கண்ணு, அதை முதல்ல சொல்லு" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. தன் போனை எடுத்து, அந்தக் காது மாட்டியை என் காதில் வைத்து, "இதைக் கேளுங்க, அப்புறம் பேசலாம்" என்றான். அவன் போட்டது அறிவு என்கிற பாடகர் 2024ல் வெளியிட்ட "வள்ளியம்மா பேராண்டி" ஆல்பம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வார்த்தைகள் அவ்வளவு வேகமாக ஓடுகின்றன. வாய்ப்பாட்டை ஒரே மூச்சில் ஒப்பிக்கிற பையனை நிறுத்தி, "மெதுவா சொல்லு சாமி" என்று நாற்பது வருஷம் சொன்ன வாய் இது. அந்தப் பழக்கத்தில் இந்தப் பாடகரையும் நிறுத்தச் சொல்லலாம் போலிருந்தது. இரண்டாம் தடவை கொஞ்சம் புரிந்தது. மூன்றாம் தடவை அந்தத் தலைப்பே என்னைப் பிடித்துக்கொண்டது.

ஒருவன் முதன்முதலாகத் தனக்கென்று ஒரு ஆல்பம் போடுகிறான். இத்தனை நாள் கூட்டத்தில் ஒருவனாகப் பாடியவன். இப்போது அட்டையில் அவன் தன் பெயரை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அவன் வைத்த தலைப்போ, "நான் வள்ளியம்மாவின் பேரன்" என்பது. இதைத்தான் இன்று உங்களிடம் பேச நினைக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அறிவு அரக்கோணத்துப் பையன். முழுப்பெயர் அறிவரசு. பொறியியல் படித்தது நம்ம கோயமுத்தூரில். அப்பா அம்மா இருவரும் கல்விப் பணியில் இருந்தவர்கள், அறிவொளி இயக்கத்தில் வேலை செய்தவர்கள். இதைப் படித்தபோது எனக்கு மனசு என்னவோ செய்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் சில மாதங்கள் அறிவொளிக்காக சாயங்கால வகுப்பு எடுத்தவள். மில் ஷிப்ட் முடித்து வந்த அம்மாக்கள் பஞ்சு ஒட்டிய கையோடு சிலேட்டைப் பிடிப்பார்கள். முதலில் அவர்கள் எழுதக் கேட்டது "அம்மா", "ஆடு" எல்லாம் இல்லை. "என்ற பேரை எழுதிக் காட்டுங்க டீச்சர்" என்பார்கள். ரேஷன் கடையில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் ஆசை. அந்த இயக்கத்து வீட்டில் பிறந்த பிள்ளை, பெயருக்காகப் பாடுவதில் ஆச்சரியம் என்ன?

அவரை ஊருக்குத் தெரியவைத்தது ஒரு கூட்டம். "தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்" என்ற இசைக்குழு. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், ராக் வாசிக்கிறவர்கள், பறையும் சட்டியும் அடிக்கிறவர்கள் என்று ஏறக்குறைய இருபது பேர் ஒரே மேடையில். குழுவின் பெயர், அயோத்திதாசப் பண்டிதர் நூறு வருஷத்துக்கு முன்பே எழுதிய "சாதி பேதமற்ற தமிழர்" என்ற சொல்லிலிருந்து வந்தது. சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கி வைத்திருந்த கானாவை நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கவைத்த குழு அது.

அப்படி ஒரு கூட்டம் கொடுப்பது முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர் மாதிரி. தனியாளாக அந்தப் பாட்டுகளைப் பாடியிருந்தால் இருபதுகளில் இருந்த ஒரு பையனை யார் மேடையேற்றியிருப்பார்கள்? இருபது பேர் சேர்ந்து நின்றதால்தான் முடிந்தது. அதனால் குழுவைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது.

2019ல் ஒஃப்ரோ என்ற இசைக்கலைஞரோடு சேர்ந்து "தெருக்குறள்" போட்டார். இருவர் சேர்ந்த வேலை அது. பிறகு தன் வழியில் தனியே நடக்கத் தொடங்கி, 2024ல் இந்த ஆல்பத்துக்கு வந்தார்.

சரி, கூட்டத்தில் பாட முடியாதது என்ன என்று நீங்கள் கேட்கலாம். என் பதில், சொந்தப் பாட்டியின் கதை. கூட்டம் "நாங்கள்" என்று பாடும். அது வேண்டும். ஆனால் "என் பாட்டிக்கு இது நடந்தது" என்று ஒருவன் சொல்ல வேண்டிய நேரம் வரும். அதை இருபது பேர் கோரஸாகப் பாடினால் அந்தப் பாட்டி காணாமல் போய்விடுவாள்.

வள்ளியம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பிறகு இந்தியாவுக்கு வந்து சேர்ந்தவர். அந்தக் கதை நம்ம பக்கத்துக்குப் புதிதில்லை. 1948ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை எடுத்துக்கொள்வது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. மீதியை 1974ல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கணக்குப் பாடம் மாதிரி இருக்கிறதல்லவா? ஒவ்வொரு எண்ணும் ஒரு ஆள். பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறி, பிறந்தே பார்க்காத "தாயகத்துக்கு"த் திரும்பினார்கள். நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் நிறையப் பேர் குடியமர்ந்தார்கள். அரசு தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயே அவர்களுக்கு வேலை கொடுக்க வந்ததுதான். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் இன்றைக்கும் அவர்கள் பிள்ளைகளைப் பார்க்கலாம்.

அந்த 5,25,000 என்ற எண்ணுக்குள்ளிருந்து ஒரு பேரன் ஒரே ஒரு பெயரை வெளியே எடுத்து வைக்கிறான். வள்ளியம்மா. இதற்குத்தான் தனி ஆல்பம் தேவைப்பட்டது என்பது என் எண்ணம்.

இதே பாட்டியின் நினைவிலிருந்து வந்ததுதான் 2021ல் உலகமே கேட்ட "எஞ்சாய் எஞ்சாமி". நம்ம ஊரில் பேரன் பேத்தியை "என்ற சாமி" என்று கொஞ்சுகிற அதே சாமிதான் அந்த எஞ்சாமியும். பாடியவர்கள் தீயும் அறிவும். இசை சந்தோஷ் நாராயணன். அந்த வருஷம் ஒரு பெரிய இசைப் பத்திரிகை அட்டையில் இந்தப் பாட்டைப் பற்றிப் போட்டபோது அறிவின் படம் இல்லை. கேள்வி எழுந்த பிறகு அவருக்கென்று இணையத்தில் தனி அட்டை போட்டார்கள். 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது, அறிவு மேடையில் இல்லை. அவர் தன் உழைப்பைப் பற்றி எழுதினார். மற்றவர்கள் தங்கள் பங்கைப் பற்றி எழுதினார்கள். யாருக்கு எத்தனை பங்கு என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. பாட்டு என்பது பல பேர் கைபட்டு வருவது. ஆனால் எழுதியவன் இல்லாத மேடையில் அவன் பாட்டு ஒலிக்கும்போது அவனுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். எப்படித் தெரியும் என்றால், ஒரு பையனுக்கு அதே காரியத்தை நான் செய்திருக்கிறேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம் கூட.

தொண்ணூறுகளின் கடைசி. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு. ஒரு பையன், பெஞ்சில் தாளம் போடாமல் அவனால் உட்கார முடியாது. அம்மா மில்லில் வேலை. அப்பாவின் அம்மா கண்டிச்சீமையிலிருந்து வந்தவர். நம்ம பிள்ளைகள் அப்பத்தா, அம்மிச்சி என்பார்கள். அவன் "அப்பாயி" என்பான். அதற்கே வகுப்பு சிரிக்கும். ஆண்டு விழாவுக்கு அவன் ஒரு பாட்டு எழுதிக்கொண்டு வந்தான். அப்பாயி முதுகில் கூடை கட்டிக் கொழுந்து பறித்தது, கப்பலில் வந்தது, இங்கே வந்தும் "சிலோன்காரி" என்று பேர் வாங்கினது, எல்லாம் அதில் இருந்தது. மெட்டும் அவனுடையதுதான். நான் திருத்தியது நாலே நாலு எழுத்துப்பிழை.

ஒத்திகையில் அவன் குரல் உடைகிற வயசு, கரகரவென்று இருக்கிறது என்றார்கள். நல்ல குரலுள்ள வேறொரு பையனைப் பாடவைத்தோம். இவன் பின் வரிசையில் நின்று தாளம் போட்டான். அது கூடப் பரவாயில்லை. விழா அன்று மைக்கில் நான். கையில் இருந்த காகிதத்தில் "பாடல் எழுதி மெட்டமைத்தவர்" என்று அவன் பெயரை நானே எழுதி வைத்திருந்தேன். விழா ஒரு மணி நேரம் தாமதம். சிறப்பு விருந்தினர் கிளம்ப வேண்டும். சுருக்கு, சுருக்கு என்று முன் வரிசையிலிருந்து கை காட்டினார்கள். நான் சுருக்கினேன். "அடுத்து, எட்டாம் வகுப்பு மாணவர்கள் வழங்கும் பாடல்" என்று மட்டும் சொன்னேன். பாடிய பையனுக்கு விருந்தினர் பேனா பரிசு கொடுத்தார். பாவம், அந்தப் பையன் மேல் தப்பில்லை.

விழா முடிந்து பந்தல் பிரிக்கும்போது அவன் என்னிடம் வந்தான். கோபமாகக் கூட இல்லை. "டீச்சர், எங்க அப்பாயி வந்திருந்தாங்க. என் பேரைச் சொல்லுவாங்கன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்" என்றான். தூரத்தில் வேப்பமரத்தடியில் ஒரு அம்மா நின்றிருந்தார். மடிப்புக் கலையாத புதுச் சேலை. என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அடுத்த வருஷம் சொல்லிடலாம் சாமி" என்றேன். அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கு வரவில்லை. பட்டறை வேலைக்குப் போய்விட்டான் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

ஒரு பெயர் வாசிக்க எத்தனை விநாடி ஆகும்? தினமும் காலையில் வருகைப் பதிவேட்டில் ஐம்பது பெயர் வாசித்தவள் நான். அன்றைக்கு ஒரு பெயருக்கு எனக்கு நேரமில்லை.

"வள்ளியம்மா பேராண்டி" என்ற தலைப்பைப் பார்த்தபோது எனக்கு அந்த வேப்பமரத்தடிதான் ஞாபகம் வந்தது. நாம் வாசிக்காமல் விட்ட பெயரை ஒருவன் தானே மைக்கைப் பிடித்து வாசித்துக்கொள்கிறான். அதைப் போய் "கூட்டத்தை விட்டுப் போனவன்", "தலைக்கனம்" என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

சரி, எங்கள் வீட்டுப் பஞ்சாயத்துக்கு வருகிறேன். பையனிடம் மறுபடி கேட்டேன். "உன்னை அவங்க மதிக்கலையா?" "அப்படியெல்லாம் இல்லீங்க அம்மிச்சி. எல்லாம் நல்ல பசங்க. ஆனா எங்க பேண்டுக்கு ஒரு மாதிரி பாட்டுத்தான் சரிவரும். நான் எழுதி வெச்சிருக்கறது வேற மாதிரி. நோட்டு நெறஞ்சு போச்சு" என்றான்.

இது பழைய கதைதான் கண்ணு என்று அவனுக்கு ஜார்ஜ் ஹாரிசனைப் பற்றிச் சொன்னேன். கிடார் பிடிக்கிறவனுக்குத் தெரியாததா, ஆனால் கிழவி வாயிலிருந்து வந்ததும் ஆச்சரியப்பட்டான். நம்ம ரவிசங்கரிடம் சிதார் கற்றுக்கொண்ட அதே ஹாரிசன்தான். பீட்டில்ஸ் குழுவில் லெனனும் மெக்கார்ட்னியும் எழுதித் தள்ளுவார்கள். இவருக்கு ஒரு ஆல்பத்துக்குப் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ இடம். மீதிப் பாட்டெல்லாம் நோட்டில் தங்கிவிட்டது. 1970ல் குழு பிரிந்தது. அந்த வருஷம் நவம்பரிலேயே "ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்" என்று மூன்று இசைத்தட்டு கொண்ட ஆல்பம் போட்டார். அந்தத் தலைப்புப் பாட்டைக் குழுவோடு 1969லேயே பாடிப் பார்த்தார்கள், ஆல்பத்தில் சேரவில்லை. வகுப்பில் கையே தூக்காத பையன் பரீட்சையில் கூடுதல் தாள் வாங்கிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. ஆனால் ஒன்று. அந்தத் தனி ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர்களில் பழைய குழுவின் ரிங்கோவும் உண்டு. 1971ல் வங்கதேச அகதிகளுக்காக ரவிசங்கரோடு நியூயார்க்கில் கச்சேரி நடத்தியபோதும் ரிங்கோ வந்து வாசித்தார். கூட்டிலிருந்து பிரிந்து வந்தாலும் பேச்சு வார்த்தை அறுந்துபோக வேண்டியதில்லை.

அவ்வளவு தூரம் எதற்கு? நம்ம இளையராஜா அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் ஊர் ஊராகப் போய் வாசித்தவர்தானே. பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் அண்ணன் பாட, தம்பிகள் வாசித்தார்கள். அந்தக் கூட்டத்திலேயே நின்றிருந்தால் 1976ல் "அன்னக்கிளி" ஏது? ஆனால் அந்தக் கூட்டம் இல்லாமலும் அன்னக்கிளி ஏது?

மாமாக்காரர் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. அவர் கேள்விக்கு என் பதில் இது. பிரிந்து போவது தப்பில்லை, பங்கை மறைப்பதுதான் தப்பு. பட்டறைப் பங்காளிகள் பேசாமல் போவதும் பெரும்பாலும் அதனால்தானே? அறிவும் தனியாக வந்த பிறகு தனியாக நிற்கவில்லை. "அம்பாஸா" என்று ஒரு குழுவோடுதான் மேடையேறுகிறார். அங்கே தாளம் போடுகிறவர்கள் பெயரும் வாசிக்கப்பட வேண்டும். ஒருவன் தன் பெயருக்காக வெளியே வந்தால், தன் பின்னால் நிற்கிறவன் பெயருக்கு அவன் இரட்டிப்புக் கடன்பட்டவன்.

அதனால் பையனிடம் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறேன். ஒன்று, உன் ஆல்பத்தில் பழைய கூட்டாளிகள் போட்ட மெட்டு ஒரு துளி இருந்தாலும் அவர்கள் பெயரைப் போடு. இரண்டு, வெளியீட்டுக்கு அந்த நாலு பேரையும் நீயே நேரில் போய்க் கூப்பிடு. வாட்ஸப்பில் அனுப்பினால் நான் வரமாட்டேன். சரி என்றான். மாமா இன்னும் முறைப்பாகத்தான் இருக்கிறார். ஆனால் "ரெக்கார்டிங்குக்கு எவ்வளவு ஆகும்?" என்று என் தங்கச்சியிடம் கேட்டாராம்.

இப்போது அந்த உதவி.

அந்த எட்டாம் வகுப்புப் பையனுக்கு இன்று நாற்பது வயது இருக்கும். அவன் பெயரை இங்கே எழுத விரல் துடிக்கிறது. ஆனால் அவனைக் கேட்காமல் அவன் வீட்டுக் கதையை அவன் பெயரோடு ஊருக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தப் பிரிவில் படித்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று இந்நேரம் தெரிந்திருக்கும். கமெண்டில் எழுதாதீர்கள். அவனைத் தெரிந்தவர்கள் என் நம்பரை அவனிடம் கொடுங்கள். விருப்பம் இருந்தால் பேசட்டும், இல்லாவிட்டால் கட்டாயமில்லை.

அவன் அப்பாயி இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாவின் பெயரைக் கூட நான் அன்று கேட்டுக்கொள்ளவில்லை. இருந்தால், நானே வீட்டுக்கு வந்து, அந்தக் காகிதத்தில் இருந்ததை முழுசாக வாசித்துக் காட்டுகிறேன்.

எல்லோரும் நல்லா இருங்க. பிள்ளைகள் பாடினால் பாட விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
கணபதி, கோயமுத்தூர்